ரெண்டு மணி முழிப்புக்கு ரெண்டு பேர்

பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்குத் தூங்காமல் இருக்கக் கூலி உண்டு. கட்டிங் மாஸ்டரான என்னிடம் அதே வேலையைக் கன்னத்தில் வந்த புற்று ஓசியில் வாங்குகிறது. இது ரெண்டாவது வருஷம். என்னைப் போல ராத்திரி ரெண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற ஆட்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டுவார்கள், அது இன்னும் எரிச்சல்.

ஊரெல்லாம் வைத்தியர்

சீக்கு இன்னதென்று தெரிந்த மறுநாளே கம்பெனியில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். ஓவர்லாக் டெய்லர் கசகசாப் பால் குடிக்கச் சொன்னார். பனியன் மடிக்கிற அம்மா உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார். எல்லாம் செய்தேன், போர்வைதான் பாழானது. கடைசியில் முதலாளி என் கண்ணைப் பார்த்துவிட்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "ஏனுங்க மாஸ்டர், தூக்கம் வரலீன்னா சித்த நேரம் கண்ணை மூடிப் பாருங்களே."

துணைக்கு வந்தவன்

என்னோடு முழித்து முழித்து என் சம்சாரமும் படுத்துவிடுவாள் போலிருந்தது. அவள் தம்பி அவிநாசிபாளையத்திலிருந்து துணைக்கு வந்தான். "நானாச்சு மச்சான்" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் விட்டான் பாருங்கள் ஒரு குறட்டை, வலியைவிட அதுதான் தாங்கவில்லை. விடிந்ததும் அக்காவிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்கிறான்: "மச்சான் நல்லாத்தான் தூங்கினாரு, நாந்தான் பொட்டுக் கண்ணு மூடலை."

வரிசையில் கிடைத்தவர்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கதிர்வீச்சு வைக்கிற வரிசை. எங்கள் பக்கம் அதற்குக் 'கரண்டு வைக்கிறது' என்று பேர். பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் புற்று. கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் எடுத்து விற்கிறவர். நான் வெட்டிப் போட்ட துண்டுத் துணியை வருஷக்கணக்காக அள்ளிப் போயிருக்கிறார், ஒரு நாள் பேசினதில்லை.

எப்படி இருக்கீங்க என்று கேட்பார், பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் கேட்டது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது என்று. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ரெண்டு மணி என்றேன். அவருக்கும் ரெண்டுதான். ஊடு எங்கே என்றால், அவரும் எங்கள் மண்ணரைதான், என் தெருவின் கடைசி. கரகரத்த குரலில் சொன்னார்: "ஒரே தெருவுல இருந்துக்கிட்டு எதுக்குங்க தனித்தனியா முழிச்சிருக்கோணும்?"

பேல் மேல் கச்சேரி

பகலில் கரண்டு இல்லாத காலம் இது. நிட்டிங் மிஷின் ராத்திரியில்தான் ஓடுகிறது. அதனால் கம்பெனி கேட் திறந்திருக்கும். நானும் பாயும் உள்ளே போய் பேல் என்கிற நூல் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வோம். எனக்குக் கன்னம் எரிவது, அவருக்கு எச்சில் இறங்காதது, யாருக்கு அதிகம் என்று சண்டை வேறு. வாட்ச்மேனுக்கு முதலில் சந்தேகம். பிறகு பழகிவிட்டார்.

ஒரு ராத்திரி பாய் ரொம்பத் துடித்தார். பார்க்க முடியாமல், எல்லாம் சரியாப் போயிடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே. "அதச் சொல்ல எங்கூட்டுல ஏழு பேரு இருக்காங்க மாஸ்டர்."

நாலு ராத்திரி

இந்த ஆடியில் டாக்டர் பாயின் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார். இல்லாவிட்டால் ஆள் தங்க மாட்டார். பாய் முடியாது என்றுவிட்டார். பேச்சில்லாமல் ராத்திரியை எப்படிக் கழிப்பது என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் அதே பயம். அவர் பேச்சு நின்றால் என் ராத்திரிக்கு யார் இருக்கிறார்கள்? ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் நாலு ராத்திரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஐந்தாம் நாள் பொறுக்காமல் கத்தினேன்: "செத்துப் போனா மட்டும் பேசுவீங்களா பாய்?"

மறுவாரம் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தார்.

திரும்பி வந்தவர்

ரெண்டு மாசம் கழித்து ஒரு ராத்திரி வந்தார். பாதியாகிவிட்டார். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் துணி. அவர் என் சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை உருவினார். சிமெண்ட் தரையில் எழுதினார்: "அந்த நாலு நாள் நீங்க ஏன் வாயத் தொறக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் அழித்து மறுபடி எழுதினார்: "என் பயமும் அதேதானுங்க. நகந்து உக்காருங்க, எழுத எடம் பத்தலை."

குரல்வளையே இல்லாத மனுஷன், அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட என்னைப் பேசி முடிக்க விட்டதில்லை.