சகலை நடக்க வேண்டிய தூரம்

பழைய கார் வைத்திருப்பது ஒரு உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, நினைத்தால் ராஜினாமாவும் செய்ய முடியாது. அந்த உத்தியோகத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் என் சகலை முத்தையா. பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூணாம் வகுப்போடு செங்கல் சூளைக்கு வந்தவன். எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் வரும். ஆனால் மறக்க வராது. நீங்களும் யார் பேச்சையாவது கேட்டுப் பழைய வண்டி வாங்கி அவதிப்பட்டவர் என்றால், உங்கள் ஆளின் பேரையும் ஒருமுறை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆச்சி வீட்டுக் கொட்டகை

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் நாலு பேர் வீடு கட்டினார்கள், சூளை நன்றாக ஓடியது. முத்தையா என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். ஒரு செட்டியார் வீட்டில் காரியம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு மகன் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சின்னச் சிவப்புக் கார் ஒன்று, அவர் திரும்பிப் போன பிறகு கொட்டகையில் கிடந்தது. பக்கத்துக்கு ஒரு கதவு. மூணாவது கதவு முதுகுப் பக்கம், மேலே தூக்குகிற மாதிரி. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். மிதித்தால் வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அது எதற்கும் பயன்படாது. செங்கல் ஏற்ற முடியாது. குடும்பத்தை ஏற்றினால் பாதிப் பேர் மடியில் உட்கார வேண்டும். வேகமாகப் போவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அதனால்தான் எனக்குப் பிடித்தது. "சகல, இது காரு இல்ல, குதிரை. ஒங்களுக்குன்னே கப்பலேறி வந்திருக்கு," என்றார் முத்தையா. தேங்காயை அவரே உடைத்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் அவரே வைத்தார்.

கிளப்பினேன். கொட்டகை ஓடு அதிர்ந்தது. வாசலில் நின்ற ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார்கள். மகன் ஓட்டிய வண்டி, வருத்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் சொன்னது இதுதான்: "சீக்கிரம் கொண்டுட்டுப் போங்கப்பா. இது உறுமுனா எங்க பசுமாடு பால மறந்துபோகுது."

பெருமாள் பேரில்

எங்கள் இருவருக்கும் மாமனார் வீடு திருப்பத்தூர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிவப்புக் காரில் போய் இறங்கி அசத்திவிடலாம் என்று தனியாகக் கிளம்பினேன். என் கெட்ட நேரம், எனக்கு முன்னால் ஏழு மணி பஸ். அதன் டிரைவர் சேவுகனுக்கு ரோட்டின் நடுப்பாகம் பூர்வீகச் சொத்து. ஹாரன் அடித்தேன்; கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார். குன்றக்குடி போயிற்று, பிள்ளையார்பட்டி போயிற்று. திருப்பத்தூர் வரைக்கும் அந்த பஸ் கிளப்பிய புழுதி எல்லாவற்றையும் நான் ஒருவனே தின்றேன்.

மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால், அதே பஸ்ஸில் வந்த முத்தையா இலை முன்னால் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தை, மாமா, வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்: "சகல திருநீறு பூசிட்டு வந்திருக்கீகன்னுல நெனச்சேன்! அந்தக் காரு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏழு மணி பஸ்ஸ முந்திருச்சுன்னா, நான் காரைக்குடியில இருந்து திருக்கோஷ்டியூர் பெருமாள் வாசலுக்கு நடந்தே போறேன்."

குதிரை என்று சொல்லி என் தலையில் கட்டியதும் இதே வாய்தான். துண்டை எடுத்து முகத்துப் புழுதியைத் துடைத்தேன். பேசியது அத்தை. "பெருமாள் பேரச் சொல்லிட்டீக மாப்பிள்ளை. வெளையாட்டுக்குச் சொன்னீகன்னாலும் அவரு எடுத்து முடிஞ்சு வச்சுக்கிருவாரு."

ஊர்வலம்

சிவப்புக் கார் ஊரில் ஒன்றுதான் இருந்தது. ஆகையால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வந்துவிட்டார்கள். தெரிந்தவர்கள், மறுக்க முடியவில்லை. பூச்சரம் தொங்க, உள்ளே மாலையோடு மாப்பிள்ளை, முன்னால் மேளம். நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தால் நானும் நிற்க வேண்டும், அவர் நாலடி வைத்தால் நானும் நாலடி போக வேண்டும். பிள்ளையார் கோயிலைத் தாண்டுவதற்குள் வண்டி கரும்புகை விட்டது. தேர் முக்கில் இருமியது. பெண் வீட்டுத் தெரு தொடங்கும் இடத்தில் நின்றேவிட்டது.

எப்படிக் கிளப்பியும் அசையவில்லை. கடைசியில் தவில்காரர்கள் தவிலைக் கழற்றிவைத்துவிட்டுத் தள்ளினார்கள். நாதஸ்வரம் மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டு வந்தது. மறுநாள் மெக்கானிக் காதர் பாய் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்துவிட்டு, "ஓடப் பொறந்ததை நடக்கச் சொன்னா மூச்சடைக்காதா மாமா? பஸ்ஸத் தொரத்துங்க, தானாச் சரியாகும்," என்றார். எனக்கு வேண்டிய மருந்தையே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் இன்றைக்கும் காதில் நிற்பது, தள்ளும்போது அந்த மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னது: "அண்ணே, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எல்லாருமா என்னையத் தள்ள ஆரம்பிச்சுட்டீகளே!"

பின்கதவு

அந்தப் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் பூசணிக்காய், வாழைத்தார், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் பின்பக்கம் அடுக்கிக் கிளம்பினேன். பிள்ளையார்பட்டி தாண்டியதும் கண்மாய்க் கரையில் ரோடு நேராகப் போகும். முன்னால் ஏழு மணி பஸ். சேவுகன் எதையோ நினைத்துக்கொண்டு கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியிருந்தார். கியரை மாற்றி மிதித்தேன். வண்டி பாய்ந்தது. பஸ்ஸின் பாதி வரைக்கும் போய்விட்டேன். இன்னும் பாதிதான்!

பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். பின்கதவு எழும்பி வானத்தைப் பார்க்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பூசணிக்காய் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, தனக்கும் திருப்பத்தூரில் வேலை இருப்பதுபோல உருண்டு வருகிறது. அதில் ரெண்டு காய், கண்மாய்க்குள் குதித்தன. பிரேக் போட்டு இறங்கி ஓடினேன். அதற்குள் கரையில் மேய்ந்த ஆடுகள் கரும்புத் தோகையில் வாய் வைத்துவிட்டன. ஆட்டை விரட்டுவதா, வாழைத்தாரைத் தூக்குவதா என்று நான் நடு ரோட்டில் நிற்கிறேன். வேடிக்கை பார்க்க நின்ற பஸ் மறுபடி கிளம்பியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "அண்ணே! வீட்டுல பொங்கல் வைக்க எதாச்சும் மிச்சம் வச்சிருக்கீகளா?"

முந்தினேன்

எங்கள் மகள் காதுகுத்துக்கு வந்த அத்தையைத் திருப்பத்தூரில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. முத்தையாவையும் கூப்பிட்டேன். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு சகல," என்று சொல்லிவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டினேன். அத்தையை முன்சீட்டில் உட்காரவைத்தேன். அன்றைக்கு வண்டியின் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

அதே கண்மாய்க் கரை. சேவுகன் வழி விடவில்லை. ஆனால் இடது பக்கம் ஒரு பள்ளம் வந்தது, வலது பக்கம் ஒதுங்கினார். பள்ளம் முடிந்ததும் இடது பக்கம் திரும்பினார். அந்தச் சந்தில் வலது பக்கமாக நுழைந்தேன். பஸ்ஸின் முன் ஜன்னலோரம் முத்தையா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கீழே குனிந்து என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. நான் ஹாரன்கூட அடிக்கவில்லை. அடுத்த வளைவில் பார்த்தபோது பஸ் என் கண்ணாடிக்குள் தீப்பெட்டி அளவு இருந்தது.

மாமனார் வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன். முத்தையா வந்தார். "நடக்கிறது என்னைக்குண்ணே?" என்றேன். "எங்க நடக்க? நான் குன்றக்குடியிலேயே கண் அசந்துட்டேன் சகல." "தூங்குறவரு வெத்தலை மெல்லுவாராண்ணே?" "கனவுல மென்னிருப்பேன்." பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேவுகனைக் கேட்டேன். "முந்துனீகளா? நான்ல வழி விட்டேன்," என்றார். சரி, சாட்சி கையிலேயே இருக்கிறது என்று திரும்பி வந்து அத்தையை எல்லோர் முன்னாலும் நிறுத்தினேன். அத்தை பொய் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் இல்லை. "பிள்ளையார்பட்டியில மூடுன கண்ண நான் இந்த வாசல்ல வந்துதான் தொறந்தேன் மாப்பிள்ளை."

தெப்பம்

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூரில் கூட்டம் நெரியும். அந்த வருஷம் தெப்பத்தன்று காலையில் முத்தையா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட விளக்கு. "பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல சகல. ஒங்க வண்டியில போயிருவமா?" எனக்கு வேறு என்ன வேண்டும்? ஏற்றிக்கொண்டேன். ஏழு மணி பஸ் புறப்படும் வரைக்கும் வண்டிக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்திருந்துவிட்டுப் பிறகுதான் கிளம்பினேன்.

கண்மாய்க் கரை வந்தது. கூட்டம் ஏற்றிய பஸ் முக்கிக்கொண்டு போனது. "அண்ணே, கண்ணைத் தொறந்து வச்சுக்கங்க," என்றேன். முந்தினேன். படியில் தொங்கிய ஆட்கள் எல்லாம் கூச்சல் போட்டார்கள். முத்தையா விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். "பாத்தீகளாண்ணே?" "பாத்தேன்." "முந்துச்சா?" "முந்துச்சு." அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நான் அத்தனை புழுதி தின்றேன். "அப்ப இறங்கி நடக்கிறீகளா?" என்று கேட்டேன். அவர் விளக்கை வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். திருப்பத்தூர் போனது, அப்போதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருக்கோஷ்டியூரில் வண்டியைக் கோயில் தெருவுக்குள் விடவில்லை. முக்கிலேயே நிறுத்தினேன். முத்தையா இறங்கினார். செருப்பைக் கழற்றி என் வண்டிக்குள்ளேயே போட்டார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, விளக்கைத் தூக்கிப் பிடித்து, கோபுரத்தைப் பார்த்து மெதுவாக நடந்தார். வாசல்படியில் கால் வைக்கும் முன் திரும்பி, கூட்டத்துக்கு மேலே எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாத்துக்கங்க சகல! பெருமாள் வாசலுக்கு நடந்தேதான் வந்திருக்கேன்!"

வண்டியை விற்று வருஷங்கள் ஆகின்றன, முத்தையாவுக்கு முழங்கால் வலி என்றும் கேள்விப்படுகிறேன். நான் நியாயம் தப்பாதவன், ஆகவே தெரு முக்கிலிருந்து கோபுரம் வரைக்கும் உள்ளதைக் கழித்துக்கொள்கிறேன், ஆனால் காரைக்குடியிலிருந்து அந்தத் தெரு முக்கு வரைக்கும் அவர் எனக்கு இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.