மோட்டார் அறையில் ஒரு மூச்சு

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கட்டடத்தில் பெயரே மூச்சுக்காரர்தான். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீடு கீழ்த்தளத்தில். அவருடைய மோட்டார் அறை மொட்டை மாடியில். ஒரு காலத்தில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்த மனிதர். யோகா வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். இயந்திரத்தைத் தொடுமுன் மோட்டாரின் மெயின் சுவிட்சில் கை வைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுப்பார். விடும்போது சுவிட்சை அணைப்பார். அதற்கப்புறம்தான் ஸ்பானர்.

அதோடு விட்டாரா? வீட்டிலும் அதே பாடம். "பயம் வந்தா தள்ளி நின்னு அந்தப் பயத்தைப் பாரு. நீ வேற, அது வேற. பிடிச்சுத் தொங்குறது அன்பு இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பெத்த பொண்ணுக்கு ஒண்ணுன்னாலும் தள்ளி நின்னு வேடிக்கை பாப்பீங்களா?" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் எரியும்.

அன்று சாயங்காலம் மின்சாரம் போன கொஞ்ச நேரத்தில் காவலாளி ஓடி வந்தார். "அக்கா, உங்க பொண்ணு நாலாவது மாடிக்கு மேல லிஃப்டுல மாட்டிக்கிச்சு! மூச்சுத் திணறுது!"

அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் எங்கள் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்துக் காவலாளியிடம் திணித்து, நாலாவது மாடிக் கதவருகே நிற்கச் சொல்லிவிட்டு, மாடிக்கு ஓடிய என் வீட்டுக்காரர் பின்னாலேயே படியேறினேன்.

மோட்டார் அறையில் கும்மிருட்டு. கையில் டார்ச்சோடு நின்றேன். "இந்த பிரேக் கம்பியை அழுத்திப் பிடி. நான் சக்கரத்தைச் சுத்தி லிஃப்டை இறக்குறேன்" என்றார். கயிறு இறங்கும் துளை வழியாக மகளின் இருமல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவர் கை வெடவெடவென்று ஆடியது. அப்படியே சக்கரத்தைப் பிடித்தார். டார்ச் வெளிச்சம் மெயின் சுவிட்சில் பட்டது. அணைக்கவே இல்லை! இந்நேரம் மின்சாரம் வந்தால் மோட்டார் சுழன்று கையை நசுக்கிவிடும். லிஃப்ட் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

"என்னங்க, மூச்சு!" என்று கத்தினேன்.

"உள்ள பொண்ணு சாகுறா, மூச்சாம் மூச்சு!" பழைய கோபம் அப்படியே வந்தது.

"ஐயோ, சுவிட்ச் அணைக்கலீங்க!"

திரும்பிப் பார்த்தார். சுவிட்சில் கை வைத்தார். கண்ணை மூடினார். அந்த ஒரு மூச்சுக்குள் நான் செத்துப் பிழைத்தேன். மூச்சை விட்டபடி சுவிட்சை அணைத்தார். மறுபடி சக்கரத்தைப் பிடித்த கை ஆடவில்லை.

சுற்ற ஆரம்பித்த சிறிது நேரத்தில் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் சும்மா கிடந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கம்பியை விட்டுடாத. இன்னும் கொஞ்சம்தான்" என்று சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வந்துடுச்சு! கதவைத் திறந்துட்டேன்!" கீழேயிருந்து காவலாளியின் குரல்.

நாங்கள் நாலாவது மாடிக்கு இறங்கிப் போனபோது மகள் நடைபாதையில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நீலம் பாரித்திருந்த உதடு மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. அவர் அவள் பக்கத்தில் சரிந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

என் வாய் சும்மா இருக்குமா? "தள்ளி நின்னு பாக்கணும்னீங்களே?"

"பாத்தேன். பயம் எங்கயும் போகல, பக்கத்துலயே நின்னுச்சு. சுவிட்சை அணைச்சப்புறம் கையில மட்டும் ஏறல." நடுங்கும் கையை நீட்டிக் காட்டினார். "இப்ப ஏறட்டும், விடு."

நானும் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.