சாவடியில் குரைக்காத செவலை

மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விழும் நிழலிலேயே நடந்து வரும் நாயை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் செவலை அப்படித்தான் நடக்கும். நாகலாபுரத்திலிருந்து ஊத்துக்கோட்டைச் சந்தை வரைக்கும் வண்டியின் வேகம்தான் அதன் வேகம். மேலே வேர்க்கடலை மூட்டையில் சாய்ந்து நைனா உறங்கிவிடுவார். மாடுகளுக்கு வழி தெரியும். மற்றதைச் செவலை பார்த்துக்கொள்ளும். எதிரே தெரிந்தவர் வந்தால் ஒற்றைக் குரைப்பு, தெரியாதவர் என்றால் விடாத குரைப்பு. கண்ணைத் திறக்காமலே நைனா, "யாருடா, நம்ம ஆளா?" என்பார். அதுவும் பதில் சொல்லும். "என்கிட்ட இல்லாத பேச்செல்லாம் நாய்கிட்ட இருக்குது" என்று அம்மா குத்திக் காட்டுவாள். "அது குறுக்க பேசாது மே" என்று நைனா சிரிப்பார்.

அப்புறம் எல்லை பிரித்தார்கள். நாங்கள் ஆந்திராவில், சந்தை சென்னை ராஜ்யத்தில். நைனா பிறந்ததிலிருந்து போய் வந்த சாலையின் குறுக்கே சோதனைச் சாவடி என்று ஒரு மூங்கில் கம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மூட்டைக்குள் அரிசி கடத்துகிறோமா என்று காக்கி உடுப்புக்காரர் கம்பியால் குத்திப் பார்த்த பிறகுதான் அது உயரும். நைனாவுக்குப் பழகிவிட்டது, செவலைக்குப் பழகவில்லை. எங்கள் வண்டியை வேற்றாள் குத்துவதா என்று ஒருநாள் காக்கிக் கால்சட்டையைக் கவ்விவிட்டது. "குக்கனி கட்டேய், லேக்கபோத்தே கால்ச்சேஸ்தானு!" என்று அவர் கத்தினார். கட்டிப் போடு, இல்லாவிட்டால் சுட்டுவிடுவேன் என்று அர்த்தம். அவர் தோளில் துப்பாக்கியும் இருந்தது.

வீட்டில் கட்டிவைத்தால் கயிற்றைக் கடித்துப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடும். ஆகவே நைனா அந்தக் கோடை முழுக்க வாசலில் உட்கார்ந்து அதற்குப் பாடம் நடத்தினார். மாட்டை ஓட்டும் தார்க்குச்சியால் வண்டிப் பலகையில் இரண்டு தட்டு தட்டினால் படுத்துக்கொண்டு வாயை மூட வேண்டும். சீழ்க்கை அடித்தால் எழுந்து குரைக்கலாம். தெருவே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன இன்னா பண்றது? இத சுட்டுட்டாங்கன்னா நான் யார்கூட சந்தைக்குப் போறது?" என்று கேட்டார். செவலை கற்றுக்கொண்டது. சாவடியில் ஊமையாகக் கிடக்கும். வண்டி தாண்டிப் போய்ப் புளியமரத்தடியிலிருந்து சீழ்க்கை கேட்டதும் ஓடி வந்து மாடுகளுக்கு முன்னால் பாய்ந்து, அதுவரை விழுங்கியதையெல்லாம் கொட்டித் தீர்க்கும்.

அன்றைக்குப் பாவாடைத் துணி எடுக்க நானும் வண்டியில் போனேன். சாவடியில் நைனா இரண்டு தட்டு தட்டினார். செவலை சக்கரத்தின் ஓரமாகப் படுத்துக்கொண்டது. எதிரே ஒரு பஸ் வர, வண்டியைப் பின்னால் தள்ளச் சொன்னார்கள். நைனா இறங்கி நின்று கயிற்றைப் பிடித்து மாடுகளைப் பின்னுக்குத் தள்ளினார். சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. கல் என்றுதான் நினைத்தோம். ஒரு முனகல்கூட இல்லை. கம்பு உயர்ந்தது, வண்டி புறப்பட்டது. புளியமரத்தடிக்கு வந்ததும் நைனா சீழ்க்கை அடித்தார். முன்னால் எதுவும் ஓடி வரவில்லை. பின்னால், சாவடிப் பக்கத்திலிருந்து, செவலையின் அலறல் கேட்டது.

இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. அடிபட்ட ஜீவன் கத்தாமல் இருக்குமா என்பார்கள். நான் அங்கே இருந்தேன். சீழ்க்கை கேட்கும்வரை அது கத்தவில்லை.

நைனா வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். இடுப்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. சுட்டுவிடுவேன் என்ற அதே காக்கிக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நைனாவைக் கண்டதும் செவலை மறுபடி வாயை மூடிக்கொண்டது. அதைத்தான் நைனாவால் தாங்க முடியவில்லை. துண்டில் ஏந்தி மடியில் போட்டுக்கொண்டு, "கத்துடா, நான்தான சொல்றேன், கத்துடா" என்று கெஞ்சினார். அது அவர் கையை நக்கியது. வீடு வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நாய் வளர்க்கவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் நைனா தூங்குவதும் நின்றுபோனது. அவருக்குள் என்ன இருந்தது என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது.

நாராயணவனத்தில் எனக்குக் கல்யாணம் முடிந்து, மாமியார் வீட்டுக்குப் புறப்படும் நேரம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நல்ல நாளும் அதுவுமா அழுவாத, கம்முனு இரு" என்று நைனாவுடன் பிறந்த அத்தை என் வாயைப் பொத்தினாள். பெண்கள் கூட்டத்துக்குள் வராத நைனா அன்று விலக்கிக்கொண்டு வந்தார். அத்தையின் கையைப் பிடித்து எடுத்தார்.

"அவள கம்முனு இருன்னு சொல்லாத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கத்தி அழு பாப்பா. நான் கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார்.