அந்த மோட்டார் அவருடையதே

எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருப்பணி நிறைவை ஒட்டி வெளியான மலரில், மலாயாவில் சப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பற்றிய பக்கம் ஒன்று உண்டு. அதில், "சப்பானியர் பரிசாக அளித்த மோட்டார் சைக்கிளில் வலம்வந்த இயந்திரக்காரர்" என்று ஒருவர் குறிக்கப்பட்டுள்ளார். அவர் என் கணவர். அக்காலத்தில் பரிசு பெற்றவர் என்றால் காட்டிக்கொடுத்தவர் என்றே பொருள். அதை எழுதியவர் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்மீது எனக்குச் சினமில்லை. ஆயினும், அச்சில் ஏறிய பிழை அச்சிலேயே திருத்தப்படுதல் வேண்டும். அதன்பொருட்டு இதனை எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளுக்கு விசையுந்து என்பது, பிற்காலத்தில் ஆசிரியையாகி நான் மாணவர்க்குக் கற்பித்த சொல். தோட்டத்தில் அதற்கு மோட்டார் என்றே பெயர். அதன் சட்டகம், போருக்கு முன்பு தோட்டத் துரை கழித்துப்போட்ட வண்டியினுடையது. "எடுத்துக்கொள்" என்று வாய்மொழியாகக் கொடுத்தார். இயந்திரம், பின்வாங்கிய வெள்ளைப் படையினர் போர்டிக்சன் சாலையோரம் விட்டுச்சென்ற வேறொரு வண்டியினுடையது. எண்ணெய்க் கலன், மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிப் பற்றவைத்தது. பெட்ரோல் கிடைக்காத காலம் அது. ரப்பர்த் தாள்களை இரும்புப் பீப்பாயில் இட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து எடுத்த எண்ணெயில் வண்டி ஓடிற்று. அது கடந்துபோன பின்னும் தீய்ந்த ரப்பரின் நாற்றம் எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் நின்றது.

"ஒடம்பு தொரையோடது, உசுரு பட்டாளத்தானோடது, வயிறு மண்ணெண்ண டின்னு. இதுக்கு யாருடா அப்பன்?" என்று பக்கத்து வீட்டு அக்காள் கேட்பார்.

"நாந்தான்க்கா அப்பன். வேணும்னா மூஞ்சியப் பாருங்க, எஞ் சாடைதான்" என்பார் என் கணவர்.

ரப்பர் விற்பனை நின்றதால், அவர் இயந்திரக்காரராக இருந்த தோட்டத்து ஆலை மூடப்பட்டது. அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதே வேளையில், சயாமில் தொடர்வண்டிப் பாதை போடச் சப்பானியர் ஆள் பிடித்தார்கள். கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி லயம் லயமாகத் தலை எண்ணினார். வெள்ளையர் காலத்துத் தோட்ட வழக்கம் ஒன்று எங்கள் மனத்தில் ஊறியிருந்தது: கணக்கெழுதும் கிராணி, மருந்துக்காரர், இயந்திரக்காரர் எனப் பெயருக்கு எதிரே ஒரு தொழில் எழுதப்பட்டவரை எவரும் கூலிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆலை மூடியதும் என் கணவர் வெறுந்தலை ஆகிவிட்டார். மீண்டும் ஒரு தொழில் எழுதப்பட்டுவிட்டால் சயாம் போகவேண்டியதில்லை என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். வாகனம் வைத்திருப்போர் அதனைக் கொண்டுவந்து பதிந்துகொள்ள வேண்டும், தவறினால் வண்டி பறிக்கப்படும் என்ற ஆணை வந்தபோது, பதிவில் தொழிலையும் எழுதுவார்கள் என்பதால் எங்களுக்கு அது நல்வாய்ப்பாகவே தோன்றிற்று.

கோயில் வாசலில் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, ரஹாங் வழியாகச் சிரம்பான் நகருக்குப் போனோம். நான் பின்பலகையில் அமர்ந்திருந்தேன். பதிவு அலுவலக முற்றத்தில் சப்பானிய அதிகாரி ஒருவர் நின்றார். மொழிபெயர்க்க, நகரத்துத் தமிழ் முசுலிம் ஒருவர் உடனிருந்தார். அதிகாரி சட்டகத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார், இயந்திரத்தின் எண்ணைப் பார்த்தார், முகம் கடுத்தார்.

"ரெண்டு நம்பரும் ரெண்டு வண்டியோடதாம். எங்க திருடுனேன்னு கேக்குறாரு."

"திருடல பாய். நானே கட்டுனது."

"பழைய இரும்புக் கடையில வாங்குனேன்னு சொல்லு தம்பி. அது போதும்."

"வாங்கலையே பாய். ஒவ்வொரு ஆணியும் நான் முடுக்குனது."

"வாங்குனேன்னு சொன்னா ஒனக்கு வாயா வெந்துரும்? சொல்லுப்பா."

"பொய்யி எதுக்கு பாய்? அவுத்துக் காட்டச் சொல்லுங்க, காட்டுறேன்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லும்மா" என்றார். அவர் ஏன் அப்படிச் சொல்லச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. பின்னர் அவர் திரும்பி, கேட்டதை அப்படியே மொழிபெயர்த்தார்.

அவிழ்த்துக் காட்டும்படி ஆணை பிறந்தது. என் கணவர் மேற்சட்டையைக் கழற்றி விரித்து, அதன்மேல் ஒவ்வோர் உறுப்பாக வரிசைப்படுத்தினார். பின்பு அவற்றை மீண்டும் பூட்டி, ஒரே உதையில் உயிர்ப்பித்தார். அதிகாரி சிரித்தார்; என் கணவரின் தோளைத் தட்டினார்; சுருட்டுத் துண்டு ஒன்றும் கொடுத்தார். மலர் குறிப்பிடும் பரிசு ஏதேனும் உண்டெனில், அது அந்தச் சுருட்டுத் துண்டுதான். பழைய எண்கள் இரண்டையும் அராவி அழித்துவிட்டு, ஒரே எண்ணை இரு இடத்திலும் பொறித்தார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் எழுதப்பட்டது. கட்டியவர் என்ற இடத்திலும் அவர் பெயரே. தொழில் என்ற இடத்தில் இயந்திர வல்லுநர்.

வாயில்வரை வந்த மொழிபெயர்ப்பாளர், "ஊருக்குப் போனதும் சாக்கப் போட்டு மூடி வையி தம்பி. ரொம்ப ஓட்டிக்கிட்டுத் திரியாத" என்று மட்டும் சொன்னார். எண்ணெயை வீணாக்காதே என்று சொல்கிறார் எனக் கொண்டு நாங்கள் சிரித்தோம்.

கங்காணி அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். முத்திரை அவருக்குப் போதுமானதாக இருந்தது. "சரிடா, ஒன்னய விட்டுட்டேன். மோட்டார்க்காரன் ஆயிட்டே, இனி எங்களல்லாம் கண்ணு தெரியுமா?" என்றார். சில வாரம் நன்றாகவே போயிற்று. மரவள்ளிக் கிழங்கைத் தவிர உண்ண வேறில்லை. இருப்பினும் அவர் வீட்டில் இருந்தார்.

அதன்பின் ஒரு காலையில் லாரி வந்தது. அது கூலிகளை ஏற்ற வந்ததன்று. இறங்கியவர்கள் தலை எண்ணவில்லை. அவர் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். சயாமில் பாதை போடும் இடத்தில் இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்தனவாம். சிரம்பான் பதிவிலிருந்து வல்லுநர் பெயர்களைத் தேர்ந்திருந்தார்கள். கங்காணி குறுக்கே போய், "கடுதாசி இருக்குதுங்க, முத்திர குத்துன கடுதாசி" என்றார். அந்தக் கடுதாசியின்படிதான் வந்திருக்கிறோம் என்று விடை வந்தது. மொழிபெயர்ப்பாளர் எதை மறைக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

சிரம்பான் வரைக்கும் வண்டியோடு வரும்படி சொன்னார்கள். அவர் தாளை என்னிடம் நீட்டினார். "நீ வச்சுக்க புள்ள. மழையில நனைஞ்சிரும்."

"எப்ப வருவீங்க?"

"ரிப்பேரு முடிஞ்சதும் அனுப்பிருவாங்க. மோட்டார எங்க நிப்பாட்டுறாங்கன்னு பாத்து வைக்கிறேன்."

லாரியின் பின்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து, பாதி உரித்திருந்த கிழங்கை உரித்து முடித்தேன். அழுகை வரவில்லை. ரப்பர் நாற்றம் தணிந்ததைக் கவனித்தேன். அதன்பின் நெடுங்காலம் வேறு எதையும் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் திரும்பவில்லை.

வெள்ளையர் மீண்டும் வந்தபின், வாகனங்களைப் புதிதாகப் பதியச் சொன்னார்கள். அதே முற்றத்தின் மூலையில், சக்கரம் இன்றி, மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வண்டி கிடந்தது. எழுத்தர் தமிழர்.

"சப்பான் கடுதாசி செல்லாதும்மா. வண்டிக்காரரு வந்து கையெழுத்துப் போடணும். எங்க அவரு?"

"சயாமுக்குப் போனாரு."

"தவறிட்டாரா?"

"தெரியலங்க."

"தவறிட்டாருன்னா சாட்சியோட வாங்க, ஒங்க பேருக்கு மாத்தலாம். உசுரோட இருக்காருன்னா அவரு வரணும். தெரியலன்னா எழுதறதுக்கு எடமே இல்லையேம்மா."

அவர் கடுமையாகப் பேசவில்லை. நான் வண்டியின் இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பொட்டை அழிக்கலாமா, வேண்டாமா என்று உறவினர் கேட்டபோதும் என்னிடம் அதே விடைதான் இருந்தது. தாலியை எவரும் கழற்றவில்லை. அந்த வண்டி பின்னர் என்னவாயிற்று என்பதை அறியேன். தாள் என்னிடம் உள்ளது. உரிமையாளர், கட்டியவர், இரண்டும் ஒரே பெயர்.

இயந்திரம் எடுக்கப்பட்ட இடம், நிகழ்வுகளின் முன்பின் முறை ஆகியவற்றில் என் நினைவு பிழைத்திருக்கக்கூடும். அறிந்தோர் திருத்தித் தருக. மலரின் மறுபதிப்புக்கும் அது உதவும். அவரைக் குறித்து, திரும்பவில்லை என்று மட்டுமே எழுதியுள்ளேன். அதற்குமேல் எழுத என்னிடம் சான்று இல்லை. சயாமில் அவரோடு இருந்தவர்களின் மக்கள் எவரேனும் இதனைப் படித்தால், அந்த ஒரு சொல்லையும் திருத்துமாறு வேண்டுகிறேன்.