மூடி இல்லாத வாளிகள்

இந்திராணி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி என் வீட்டுக் கதவுக்குக் கீழால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தரையில் மினுங்குகிற வண்ணத்தாள் ஒன்று கிடந்தது. வழக்கம்போல நகைக்கடையோ ரியூசன் வகுப்போ என்று நினைத்துக் குனிந்து எடுத்தேன். தாளில் அவருடைய முகம். பக்கத்தில் குத்துவிளக்கு. ‘எமது குடியிருப்பின் மூத்த அங்கத்தவர்’ என்று தொடங்கும் சில வரிகள். அடியில் அச்சகத்தின் விளம்பரம்: திருமண அழைப்பிதழ்களுக்கும் பிறந்தநாள் பதாகைகளுக்கும் எம்மை நாடுங்கள்.

அவர் களுபோவில ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு முதல் நாள் பின்னேரம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நான் திரும்பிய பிறகு நிலைமை மோசமாகி, அன்றிரவே போய்விட்டார். அவருடைய தம்பி பதற்றத்தில் குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு மட்டும் அறிவித்திருக்கிறார். தலைவர் எங்களுக்கு அறிவித்த முறை இது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தாள். கேட்காமல் வீட்டுக்குள் வந்து விழுகிற இந்தத் தாள்களோடுதான் அவர் தம் கடைசி வருடங்களில் சண்டை பிடித்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்தேன். எனக்கு வந்தது துக்கம் மட்டும் அல்ல.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கட்டிடத்தில் இருப்பவர்களுக்கும், கோட்டையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களிடம் அவர் இனிமையானவர் என்று பொய் சொல்ல முடியாது. மின்தூக்கியில் யாராவது வாழைப்பழத் தோலைப் போட்டால், அதை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு மணியை அடிக்கிற பெண் அவர். கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். கணவர் காலமான பிறகு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். மகள் ரொறொன்ரோவில். நான் எதிர் வீடு. பாமன்கடைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். எங்கள் இருவருக்கும் பழக்கம் வந்ததே ஒரு சண்டையில்தான். என் வீட்டுப் பால்மாப் பெட்டியை ஏன் மடிக்காமல் எறிந்தாய் என்று கேட்டு வந்தார். கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

குப்பை விடயத்தில் அவர் இறங்கியது செல்வராணியின் கையில் பட்ட காயத்தால். செல்வராணி எங்கள் கட்டிடத்தைத் துப்புரவு செய்கிறவள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருக்கிறாள். ஒருநாள் காலை யாரோ கட்டி வைத்திருந்த பையைத் தூக்கினாள். உள்ளே உடைந்த கண்ணாடிப் போத்தல். உள்ளங்கை குறுக்கே கிழிந்தது. படியிறங்கி வந்த அக்கா அதைக் கண்டார். “ஒண்ணுமில்லைங்கம்மா, கழுவினா சரியாப் போயிரும்” என்று அவள் சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டாளாம். அக்கா அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் தையல் போடுவித்தார். திரும்பி வந்து அந்தக் கண்ணாடித் துண்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டார்.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் அதை மேசையில் வைத்தார். வாகனத் தரிப்பிடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யாருடைய போத்தல் என்று கண்டுபிடிக்க முடியாதே என்று தலைவர் இழுத்தார்.

“ஆற்றை போத்தல் எண்டு கேக்க நான் வரேல்லை. அந்தப் பிள்ளையின்ரை கைக்கு ஆர் பதில் சொல்லுறது எண்டுதான் கேக்கிறன்” என்றார் அக்கா.

படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்கிறவர்கள் அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அந்த மௌனத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரம் அவரே மூடியுள்ள பெரிய வாளிகளை வாங்கிக் கீழே நுழைவாசலுக்குப் பக்கத்தில் வைத்தார். கடதாசிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்ரிக்குக்கு ஒன்று, சமையல் கழிவுக்கு ஒன்று. மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டினார். எழுதியதை எல்லோரும் வாசித்தார்கள், பாதிப் பேர் பின்பற்றினார்கள். மற்றப் பாதியின் வீட்டு மணியை அவர் அடித்தார். சமையல் கழிவு மாநகரசபை லொறியில் போனது. போத்தலையும் கடதாசியையும் புறக்கோட்டையிலிருந்து நஸீர் நானா வந்து எடுத்துப் போனார். அவர் பழைய கடதாசி வாங்கி விற்கிறவர். ஒருநாள் அவர் கடதாசி வாளியைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பாதியை வெளியே எடுத்து வைத்தார். “மிஸ், இந்த மினுங்குற பேப்பர் எங்கட ஆக்கள் எடுக்க மாட்டாங்க” என்றார்.

அது அவ்வளவும் விளம்பரத் தாள்கள். கீழே இருக்கும் தபால் பெட்டிகளில் நாள்தோறும் திணிக்கப்படுபவை. பெட்டி நிரம்பினால் தரையில் கிடக்கும். மழை வந்தால் வடிகானுக்குள் போய் அடைக்கும். வேண்டாம் என்று அக்கா எழுதி ஒட்டினார். அந்த அறிவித்தலின் மேலேயே ஒரு விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதிகமாக வந்தது புதிய அடுக்குமாடி விற்கிற ஒரு நிறுவனத்தின் புத்தகம். தடித்த தாள், பக்கத்துக்குப் பக்கம் நீச்சல் தடாகம்.

அவர் அந்தப் புத்தகங்களை எல்லா வீடுகளிலும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அரிசிச் சாக்கு இரண்டு நிரம்பியது. “வசந்தி, நீர் ஒண்டைத் தூக்கும்” என்றார். இருவரும் ஓட்டோவில் போனோம். குளிரூட்டிய அலுவலகம், கண்ணாடி மேசை. அவர் சாக்கை அவிழ்த்து மேசையில் கொட்டினார். முகாமையாளர் ஓடி வந்தார். அக்கா பிழையில்லாத சிங்களத்தில், குரலை உயர்த்தாமல், உங்கள் சாமான் எங்கள் வீட்டில் கிடந்தது, திருப்பித் தர வந்தோம், நாங்கள் கேட்கவில்லை என்றார். இது விளம்பரம்தானே, வேண்டாவிட்டால் எறியலாமே என்றார் அந்த மனிதர். எங்கே எறிவது என்று சொல்லுங்கள், அங்கே எறிகிறோம் என்றார் அக்கா. என் கையிலிருந்த சாக்கையும் வாங்கிக் கொட்டிவிட்டு வெளியே வந்து, இளநீர் குடிப்போமா என்று கேட்டார். அதன் பிறகு அந்த நிறுவனத்தின் புத்தகம் எங்கள் கட்டிடத்துக்கு வரவில்லை.

ஆனால் தலைவருடைய மைத்துனரின் ரியூசன் வகுப்பு விளம்பரம் நிற்கவில்லை. அதையும் அக்கா சேர்த்துக் கொண்டுபோய்த் தலைவரின் வாசலில் வைத்தார். அன்றிலிருந்து தலைவருக்கு அவர் மேல் மனதில் கறள்.

கறளைக் காட்ட நல்ல சாட்டு ஒன்று கிடைத்தது. ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க லண்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வாசலில் குப்பை வாளி நின்றால் கட்டிடத்துக்கு மரியாதையில்லை. தலைவர் வாளிகளை இழுத்துக்கொண்டு போய்ப் பின்மதிலுக்கு அப்பால் உள்ள வெறும் வளவில் விடச் சொன்னார். சம்பந்தம் பேச வந்தவர்கள் வந்து, வடை சாப்பிட்டு, போனார்கள். வாளிகள் திரும்பி வரவில்லை. மூடிகளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சனம் மறுபடியும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி மதிலுக்கு மேலால் எறியத் தொடங்கியது. யோகட் கோப்பை, சோற்றுப் பெட்டி, இளநீர்க் கோம்பை. பிறகு மழைக்காலம் தொடங்கியது. மூடியில்லாத நான்கு வாளிகளிலும் தண்ணீர் நின்று நுளம்பு பெருகியது.

அக்காவின் படுக்கையறை யன்னல் அந்த வளவுக்கு நேரே திறக்கும்.

அவர் தலைவரிடம் சொன்னார், கூட்டத்தில் சொன்னார், வட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டார். வளவு வேறொருவருக்குச் சொந்தம், நாங்கள் உள்ளே போக முடியாது என்றார்கள். வாளியைக் கொண்டுபோய் வைக்கும்போது மட்டும் போக முடிந்ததா என்று அவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்போம் என்று பதில் வந்தது. “நுளம்புக்கு உங்கடை தீர்மானம் விளங்காது” என்று எழுதினார். யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அவருக்கு முழங்கால் வருத்தம், அந்த உடைந்த மதிலைத் தாண்ட ஏலாது. செல்வராணியிடம் சொன்னார், தலைவர் அவளை அங்கே போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்.

முதலில் நான்காம் மாடியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு டெங்கு வந்தது. அவள் தப்பினாள். அடுத்தது அக்கா.

ஆஸ்பத்திரியில் மருத்துவர்களும் தாதிமாரும் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியாக நான் பார்த்தபோது அக்காவின் முகம் வீங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது. மகள் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்த வாளியளைக் கவிட்டு விடும், வசந்தி. மற்றப் பிள்ளையளும் இருக்குதுகள்.”

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வளவுக்குத்தான் போனேன். செல்வராணியும் யாரையும் கேட்காமல் என்னோடு மதில் தாண்டி வந்தாள். தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்தோம். பெரிய வேலை ஒன்றுமில்லை. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. அவ்வளவு சிறிய வேலைக்காக மாதக்கணக்காக ஒரு மனுசி கெஞ்சியிருக்கிறார். மகள் வந்து சேர்ந்தபோது தாய் இல்லை.

சுகாதாரப் பரிசோதகர்கள் வந்தார்கள். சங்கத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். முடியாது, சட்டம், அடுத்த கூட்டம் என்று சொன்ன அந்த வளவு ஒரே காலையில் வெளித்தது. பிறகு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். இந்திராணி அக்கா பொறுமையின் வடிவம் என்றார் தலைவர். எல்லோரோடும் அனுசரித்துப் போனவர் என்றார். அவர் பெயரில் வாசலில் ஒரு செவ்வரத்தம் பூச்செடி நடுவோம் என்றார். நான் எழும்பினேன்.

“அவ பொறுமையா இருக்கேல்லை. அவ கேட்டவ, திரும்பத் திரும்பக் கேட்டவ. நீங்கள் செய்யேல்லை. அதைச் சொல்லுங்கோ” என்றேன்.

எந்த நுளம்பு கடித்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது தங்கச்சி என்றார் தலைவர், மிகவும் மரியாதையாக. கூட்டத்தில் சிலர் அதற்குத் தலையாட்டினார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். டெங்கு வந்து தப்பிய பிள்ளையின் தகப்பன் எழுந்து வெளியே போனார். கூட்டம் முடிந்து இறங்கும்போது, அவர் அந்த வாளிகளைக் கழுவி வாசலில் வைத்துக்கொண்டிருந்தார். மூடிக்குப் பதிலாகப் பலகை வெட்டி மூடியிருந்தார். இன்னும் அங்கேதான் நிற்கின்றன. நஸீர் நானா வருகிறார். வந்த முதல் நாள் மிஸ் எங்கே என்று கேட்டார். சொன்னபோது, தூக்கிய கடதாசிக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் படியில் உட்கார்ந்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அம்மாவை வாசித்துவிட்டு எறிய வேண்டாம் என்றாள். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நல்லவர்கள் போனால் அவர்களுடைய நல்ல குணத்தை மனத்தில் வைத்துக்கொள் என்பார்கள். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய கோபத்தை. செல்வராணியின் கையைப் பார்த்தபோது அவருக்கு வந்த கோபம் அது. தனக்கென்று அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆறவிடுகிற எண்ணம் எனக்கு இல்லை. நேற்றும் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டு மணியை அடித்தேன்.