இரண்டு பொட்டலங்களிலும் செவ்வரளி

இரண்டு பொட்டலங்களிலும் செவ்வரளிதான் இருந்தது. வைத்தவன் நான்.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

அன்று கேட்டது, சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்ட அக்காவுக்கு என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாமா என்று. அம்மாவுக்குச் சர்க்கரை, அக்காவின் கணவருக்கு ரத்தம் சேரவில்லை. என்னுடையது பொருந்துகிறது என்று கோவையில் டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ கத்தி என்றாலே நடுக்கம்... மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நாக்கு எழவில்லை. பொட்டலம் மடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பழியைச் சாமி தலையில் போட்டேன்!

எப்பேர்ப்பட்ட அக்கா! சிறுவயதில் அந்தக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் எப்போதும் எனக்குத்தான். காங்கேயம் தாண்டி இறங்கினால் மண் கொதிக்கும். என் கால் சுடுமென்று இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பாள். அவளும் அப்போது சிறுமிதான். பொங்கல் வேகும்வரை வேப்பமரத்தடியில் அவள் மடியில் தலைவைத்துக் கிடப்பேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது... இனிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அதே சந்நிதியில் அக்காவின் நான்கு வயது மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு. மற்றதை யாரும் பிரிக்குமுன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். அக்கா என் கன்னத்தைத் தொட்டாள்.

"சாமி உன்னையக் காப்பாத்திப்போட்டாரு கண்ணு" என்றாள். அந்தக் குரலில் துளியும் வருத்தமில்லை.

பிறகு, இறந்தவர்கள் தரும் சிறுநீரகத்துக்காவது பதிந்து வைக்கலாம் என்று அவள் கணவர் மன்றாடினார். அவள் இசையவில்லை. "சாமி வேண்டாம்னதை வேற பக்கம் வாங்குனா ஆகுமுங்களா?" என்று கேட்டாள். இப்படியாகும் என்று நான் எண்ணவே இல்லை... அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை! டயாலிசிஸிலேயே அவள் காலம் முடிந்தது.

அந்த மகள் இப்போது கோவையில் கல்லூரி மாணவி. சென்ற மாதம் அங்கே உறுப்பு தானத்துக்கு உறுதிமொழி வாங்கியிருக்கிறார்கள். தோழிகள் எல்லாரும் கையெழுத்திட, இவள் மட்டும் மறுத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"நம்ம சாமிக்கு அது ஆகாதுங்கல்ல மாமா? நான் செஞ்சது சரிதானுங்களே?"

"சரிதான் கண்ணு" என்றேன்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று நீங்கள் எனக்காக இரங்க வேண்டாம். உண்மையைச் சொல்லியிருக்க முடியும்.