எட்டுச் செடிக்கு மேல போனா

தேயிலைக் கொழுந்து எடுக்கிற தொழில்ல ரெண்டு கைக்கும் ஓய்வு கெடையாது, கண்ணுக்கும் கெடையாது, காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதையும் நான் வருசக் கணக்கா பிள்ளைக் காம்பராப் பக்கமே வச்சிருந்தேன். பிள்ளைக் காம்பரான்னா, மலைக்கு வேலைக்குப் போற நாங்க சின்னப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்.

வலிப்பு வர்ற புள்ளைய வச்சிருக்கிற அம்மாமாரே, ஒங்களுக்கு நான் புதுசா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. தூரத்துல ஒரு சத்தம் கேட்டா கூடை ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்னு ஓடுற கூட்டம் நாம. என் மக செல்விக்கு மூணு வயசுல ஆரம்பிச்சிச்சு. காய்ச்சல் இல்ல, ஒண்ணுமில்ல. வெளயாடிக்கிட்டே இருப்பா, தொப்புனு விழுவா. என் வீட்டுக்காரர் பக்கத்துச் சனமெல்லாம், "லயத்து வீட்டுக்குள்ளயே வச்சுக் கதவச் சாத்திரு, அப்புறம் எங்க போயி விழப் போறா"னு யோசனை சொல்லிச்சு. அடைச்சு வைக்க அவ என்ன கோழியா? மத்த புள்ளைங்க எங்க இருக்கோ அங்கதான் என் புள்ளையும் இருப்பானு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

கங்காணி குடுத்த இரும்பு

மொத தடவை விழுந்தப்போ நான் ஆறாம் நம்பர் மலையில நின்னுக்கிட்டிருந்தேன். பிள்ளைக் காம்பராவைப் பாத்துக்கிற ராக்காயி அக்கா, செல்வியத் தோள்ல போட்டுக்கிட்டு மூச்சு வாங்க மேல ஓடியாந்தாங்க. புள்ளைக்குக் கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது, கண்ணு மேல சொருகிருச்சு. என் உசுரு என்கிட்ட இல்ல.

வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கணும்ங்கிறது எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம். டவுனுப் பக்கம் சாவிக் கொத்து குடுப்பாங்க. மலையில சாவிக்கு எங்க போறது? லயம்னா வரிசையா ஒட்டுன ஒத்தக் காம்பரா வீடுங்க, அதுல எங்க காம்பராவுக்குப் பூட்டே கெடையாது. அன்னைக்குப் பக்கத்து மலையில கவ்வாத்து. ஆம்பளைங்க தேயிலைச் செடிய மட்டமா வெட்டிக்கிட்டிருந்தாங்க. கங்காணி சுப்பையா அண்ணன் பதறிப் போயி, ஒரு ஆளு கையிலேருந்த கவ்வாத்துக் கத்தியப் புடுங்கிக்கிட்டு வந்து, அப்படியே புள்ள கையில வச்சு மூடுறாரு! காலையிலதான் தீட்டின கத்தி. நான் கங்காணினும் பாக்கல, பெரியவர்னும் பாக்கல. நெஞ்சுல கைய வச்சு அவரத் தள்ளிவிட்டுட்டு, கத்தியப் பள்ளத்துல வீசுனேன். நல்ல வேளை, விரல்ல ஒரு கீறலோட போச்சு. செல்வி கண்ணு முழிச்சு, என் கூடையிலேருந்த கொழுந்த அள்ளி வெளயாட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் அந்த மனுசன் கல்லு மேல ஒக்காந்து தன் கையவே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தாரு.

"இரும்பானுதான் பாத்தேன் தாயி, கத்தியானு பாக்கல."

பத்து நாள்

அடுத்த வாரம் செல்விய விடப் போனா, ராக்காயி அக்கா வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "நான் வேணாம்ங்கல புள்ள. மத்த தாய்மாருங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. எச்சி பட்டா தொத்திக்குமாம்." பின்னாடி நாலு பொம்பளைங்க, முந்தானையால அவங்கவங்க புள்ளைங்க மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அழுகையும் வந்துச்சு, அத அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

செல்வி பாதி தின்னுட்டு வச்சிருந்த ரொட்டிய வாங்கி எல்லாரும் பாக்கத் தின்னேன். அவ குடிச்சு மிச்சம் வச்ச தேத்தண்ணியையும் மடக்கு மடக்குனு குடிச்சேன். "எச்சியில தொத்துறதுன்னா மொதல்ல எனக்குத் தொத்தட்டும். பத்து நாள் தெனமும் இதே வாசல்ல வந்து இவ எச்சியத் திங்கிறேன். நான் விழுந்தா ரெண்டு பேரையும் தொரத்துங்க. விழலேன்னா அப்புறம் ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது"னு சொல்லிட்டேன். அந்தப் பத்து நாளும் என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோருல ராவேலை கேட்டு வாங்கிக்கிட்டு, பகல்ல புள்ளையப் பாத்துக்கிட்டாரு. மலையில நான் தும்முனாக்கூட நாலு பேரு வேலைய விட்டுட்டுத் திரும்பிப் பாத்தாங்க. கல்லுல கால் தடுக்குனா "ஐயையோ"னு ஒரு சத்தம் கேக்கும். பதினோராம் நாள் நான் கல்லு மாதிரி போயி நின்னதும் ராக்காயி அக்கா தானே கைய நீட்டுனாங்க.

"ஒன்னைய வேடிக்க பாத்தே பத்து நாளா எனக்கு வேலை ஓடல, புள்ளையக் குடுத்துட்டுப் போயித் தொலை."

டாக்டரய்யா மேசையில கொழுந்து

இலங்கையில பஸ்ஸையெல்லாம் கவுர்மெண்டு எடுத்துக்கிட்ட வருசம், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குச் செல்வியக் கூட்டிக்கிட்டுப் போனேன். டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயசு. "வலிப்பு எத்தினை நிமிசம் நிண்டது?"னு கேட்டாரு. நிமிசத்துக்கு நான் எங்க போவேன்? எங்க லயத்துல கடியாரமே கெடையாது.

"நாலு செடி நேரம் இருக்குங்கய்யா"ன்னேன். அவருக்கு வெளங்கல. ஒரு செடியில கொழுந்து எடுத்து முடிக்கிற நேரத்தத்தான் அப்படிச் சொல்றேன்னு வெளக்குனேன். புள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்கிறப்போ நான் மனசுக்குள்ள கொழுந்து எடுத்துக்கிட்டே இருப்பேன். ஒரு செடி முடிஞ்சா அடுத்த செடி. அப்படி எதையாவது செய்யாட்டி எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். அதையும் அவருகிட்ட சொன்னேன்.

அவரு சிரிக்கல. கைக்கடியாரத்தக் கழட்டி மேசையில வச்சிட்டு, "எங்கை, எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்"னாரு. நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, மேசையச் செடினு நெனச்சுக்கிட்டுப் பறிக்க ஆரம்பிச்சேன். கை நெறஞ்சதும் பழக்கத்துல முதுகுக்குப் பின்னாடி வீசுனேன் பாருங்க, பின்னால நின்ன நர்ஸம்மா, மேல என்னமோ விழப் போகுதுனு குனிஞ்சிட்டாங்க. நாலு செடி முடிஞ்சிச்சு. டாக்டரய்யா கடியாரத்தப் பாத்தாரு: ரெண்டரை நிமிசம். அப்புறம் எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாரு. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். கையில இரும்பும் வேணாம், வாயில கரண்டியும் வேணாம். காலையில ஒரு மாத்திரை, ஒரு நாள் கூட விடப்படாது. அப்படியும் வருசத்துல ஒண்ணு ரெண்டு தடவை வரலாம், பயப்படப்படாது. எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிக் காட்டிட்டுக் கதவுகிட்ட வந்தேன். திரும்பவும் கூப்பிட்டாரு.

"எட்டுச் செடிக்கு மேலை போனால் ஒண்டையும் யோசியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ."

தப்பு அடிக்காத நாள்

மாத்திரை நல்லா வேலை செஞ்சிச்சு. மாசக் கணக்கா செல்வி விழவே இல்ல. நானும் கொஞ்சம் தெம்பா நடமாட ஆரம்பிச்சேன். தீவாளிக்கு மறுநாள் விழுந்தா பாருங்க, ஒரே நாள்ல மூணு தடவை! புதுச் சட்டை போட்டா, ஊருக் கண்ணு பட்டிருச்சுனு ஆளாளுக்குச் சொன்னாங்க. மொளகாயும் சுத்திப் போட்டாங்க. நான் மாத்திரைப் போத்தல எடுத்துப் பாத்தேன். அன்னைக்குக் காலியா இருக்க வேண்டிய போத்தல்ல ஏழெட்டு மாத்திரை கெடக்குது.

எப்படி வந்துச்சு இதுனு ஒவ்வொரு நாளா எண்ணிப் பாத்தேன். காலையில பேரு கூப்பிட்டு வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஆளுங்களக் கூப்பிடத் தோட்டத்துல தப்பு மேளம் அடிப்பாங்க. அந்தச் சத்தத்துக்கு எந்திரிப்பேன், அடுப்பு மூட்டுவேன், மாத்திரை குடுப்பேன். ஞாயித்துக்கெழமை தப்பு கெடையாது. தப்பு இல்லேன்னா எனக்கு மாத்திரை நெனப்பும் இல்ல. ஞாயித்துக்கெழமை தோறும் விட்டிருக்கேன். ஒரு நாள்ங்கிறதால புள்ள தாங்கியிருக்கா. அந்தத் தடவை ஞாயிறும் தீவாளி லீவும் ஒட்டுக்கா வந்து மூணு நாளாயிருச்சு, தாங்கல. குத்தம் ஊருக் கண்ணு மேல இல்ல, என் மேல. அடுப்படியில ஒக்காந்து வாய் விட்டு அழுதேன்.

அழுது முடிச்சு மூஞ்சியக் கழுவிட்டு, ஒரு பழைய பிஸ்கட் டின்ன எடுத்து வீட்டுக்காரர் கையில குடுத்தேன். அடுத்த ஞாயித்துக்கெழமை விடிஞ்சும் விடியாம மனுசன் வாசல்ல நின்னு டங்கு டங்குனு அடிச்சாரு. நான் எந்திரிச்சேன், மாத்திரை குடுத்தேன், எங்க சோலி முடிஞ்சிச்சு. லயத்துக்கு முடியல. வரிசையா எல்லாக் காம்பராக் கதவும் தொறக்குது, கூடைய மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தியா எறங்குறா. பக்கத்துக் காம்பரா மாரியாயி பாதி வழி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, எங்க வாசல்ல இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா.

"ஒன் மகளுக்கு மாத்திரைன்னா எனக்கு ஏன்டி பெரட்டு?"

எடைக்கல்லு

செல்விக்கு ஸ்லேட்டு வாங்க அட்டன் டவுனுக்குப் போனப்போ, நாங்க நானானு கூப்பிடுற காசீம் அண்ணன் கடை வாசல்ல அவளுக்கு வந்துருச்சு. டாக்டரய்யா சொன்னபடி ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். தலைக்கு என் துண்டு. பக்கத்துல மண்டி போட்டு, அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு, மொதச் செடிய ஆரம்பிச்சேன். மனசுக்குள்ள எடுத்துக்கிட்டிருந்த கொழுந்த அன்னைக்குப் பதட்டத்துல கையாலயே எடுத்திருக்கேன் போல.

சனம் கூடிருச்சு. கண்ணு நிலைகுத்தி, வெறுங்காத்துல பறிச்சுப் பறிச்சு முதுகுக்குப் பின்னாடி வீசுற பொம்பளையப் பாத்ததும் ஒருத்தன், "ஐயோ, தாய்க்கும் புடிச்சிருச்சு!"னு கத்துறான். ரெண்டு பேரு என் தோளப் புடிக்கிறாங்க. காசீம் நானா தராசுத் தட்டுல கெடந்த இரும்பு எடைக்கல்லு ரெண்ட எடுத்தாந்து என் கைக்கு ஒண்ணா வச்சு அமுக்குறாரு. வாயத் தொறந்தா செடிக் கணக்கு தப்பிரும், அதனால நான் பேசவும் இல்ல. "பாரு, வாயும் கட்டிருச்சு"ங்கிறாங்க! இரும்ப ஏந்திக்கிட்டே எண்ணுனேன். மூணாவது செடி முடியிறப்போ செல்வி பெருமூச்சு விட்டுக் கண்ணத் தொறந்தா. அவள அள்ளி மடியில போட்டுக்கிட்டு, இருந்த எடத்துலயே அப்படியே ஒக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு காசீம் நானா மெதுவா கிட்ட வந்தாரு.

"புள்ள எழும்பிருச்சும்மா, இனி அந்தக் கல்லத் தாங்க, யாவாரம் நிக்கிது."

யாரும் வந்து சொல்லல

தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ரொம்ப நல்ல மனுசன், ரொம்பப் பயந்த மனுசன். "என் கையில வச்சு ஏதாவது ஆயிருச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"னு செல்விய எடுக்க மாட்டேன்னுட்டாரு. கொழுந்த எடை போட்டுக் குடுத்துட்டு சாயங்காலம் சாயங்காலம் அவரு வீட்டு வாசல்ல போயி நின்னேன். மழையா, நின்னேன். பனியா, நின்னேன். பதினாறாம் நாள், "நாளைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, ஆனா ஏதாவது ஒண்ணுன்னா உடனே மலைக்குச் சொல்லியனுப்புவேன், வந்து கூட்டிக்கிட்டுப் போயிரணும்"னாரு. சரின்னேன். அதுக்கப்புறம் மலையில என் கண்ணு பாதி செடியில, பாதி பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில. யாராவது அந்தப் பக்கமிருந்து ஏறி வந்தா கூடைய எறக்கி வச்சிருவேன். அப்படியே ரெண்டு வருசம் போச்சு. அவரு ஆள் அனுப்புன நாளெல்லாம் உண்டு, நான் ஓடுன ஓட்டமெல்லாம் உண்டு. ஒவ்வொரு தடவையும், இதோட போதும்னு புள்ளையத் திருப்பி அனுப்பிருவாரோங்கிற பயத்துலயே ஓடுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டிருக்கேன், செல்வி பக்கத்துல ஒக்காந்து சாவகாசமா, "இன்னைக்கு நான் விழுந்தேன்மா"ங்கிறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரும் வந்து சொல்லலையே! அவ்வளவு அலட்சியமா போச்சா என் புள்ள? கையில மாவோட வாத்தியார் வீட்டுக்கு ஓடுனேன். "விழுந்தவள விழுந்தானு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப முடியலையாய்யா ஒங்களால?"னு வாசல்ல நின்னு சத்தம் போட்டேன். பயந்த மனுசன்னு சொன்னேனே, அன்னைக்கு அவருகிட்ட அந்தப் பயத்தையே காணோம். மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே நிதானமா பேசுனாரு.

"விழுந்தா, படுக்க வச்சோம், எந்திரிச்சா, தண்ணி குடிச்சிட்டுத் தன் எடத்துல போயி ஒக்காந்தா, அதுக்கெல்லாம் ஒங்களக் கூப்பிடுறதா? ஏழாம் வாய்ப்பாட்டுல பாதி தப்பு, அதுக்குத்தாம்மா நாளைக்குக் கூப்பிட்டனுப்பலாம்னு இருந்தேன்."

கதவச் சாத்தி வைக்கச் சொன்ன புள்ளைய மத்த புள்ளைங்களோட ஒக்கார வச்சே தீருவேன்னு இத்தன வருசம் மல்லுக்கட்டுனதுல எனக்குக் கெடச்ச பரிசு, மத்த அம்மாமாருக்கு இருக்கிற அதே தலைவலிதான்.